மாப்பிள்ளை

எழுபது கிலோ மாப்பிள்ளை.
பழைய காக்கிக்குள் மணல்,
கால்களுக்குள் வெடித்த குழாயின் துண்டுகள்,
தலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்.
பேர் வைத்தவன் அன்ரன் யூட்.
"சும்மா கிடக்கிறவனை
மாறி மாறித் தூக்கித் திரியிறம்,
மாப்பிள்ளை எண்டாமல் வேறென்ன?"

மாநகர சபையின் பின்வளவில்
துருப்பிடித்த கொள்கலன் ஒன்று.
அதுதான் எங்கள் எரியும் வீடு.
பலகை அடித்து மூன்று அறை,
கால் உடைந்த கட்டில்,
ஆரோ கழித்துவிட்ட தையல் மெஷின்,
வேண்டுமென்றே திறக்காத ஒரு கதவு.
புகை இயந்திரம் கொழும்பிலிருந்து வரும் என்றார்கள்.
வரும்வரைக்கும்
நனைந்த பொச்சுமட்டை, காவோலை,
பாதி டயர்.

உள்ளே போனால் கண்ணுக்கு வேலையில்லை.
இடது கை சுவரை விடக்கூடாது.
வலது கை முன்னால் தடவும், புறங்கையால்.
உள்ளங்கையில் கரண்ட் கம்பி பட்டால்
விரல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும்,
பிறகு திறக்காது.
வழி தவறினால் குழாயைத் தேடு.
இணைப்பில்
தடித்த பக்கம் பௌசரைப் பார்க்கும்
ஒல்லிப் பக்கம் நெருப்பைப் பார்க்கும்.
கையுறைக்குள்ளால்
இந்த ஒன்றை மட்டும் அறிய
எனக்குப் பதினொரு நாள் பிடித்தது.

வெள்ளிக்கிழமை, மூன்றாம் தடவை.
"கட்டில்!" என்று கத்தினான் யூட்.
கட்டிலுக்குக் கீழே ஆளில்லை.
முதுகுச் சிலிண்டரின் மூச்சு
வேறு யாரோ பக்கத்தில் கிடந்து
இழுப்பது போலக் கேட்டது.
தையல் மெஷினுக்குப் பின்னால்
என் புறங்கையில் ஒரு காற்சட்டை.

அதே நேரம் அலுவலகத்தில் தொலைபேசி.
"ஃபயர் பிறிகேட்டோ?
ஓடி வாங்கோ, ஃபயர் பிறிகேட் எரியுது!"
பின்மதிலுக்கு அப்பால்
உடுப்புக் காயப்போட்ட பவளராணியக்கா.
கேட்க வேண்டிய ஒழுங்கில்
கேட்டாள் தர்மினி:
எந்த இடம்?
எரியிறது என்ன?
உள்ளுக்கு ஆக்கள் இருக்கினமோ?
"ரெண்டு பொடியள் போனதைக் கண்டனான்.
அதுக்கு முதல் ஒருத்தனைக்
காவிக்கொண்டு போனவங்கள், பிள்ளை,
அவன் அசையேல்லை."

தர்மினி விளக்கிச் சொல்ல வாய் திறக்கமுன்
அங்கால் ஆளில்லை.

நாங்கள் வெளியே வந்தோம்,
யூட் கால்மாட்டில், நான் தலைமாட்டில்.
வெளிச்சம் கண்ணில் குத்தியது.
முகத்தில் முதலாவது வாளி.
கிணற்றுத் தண்ணீர், என்ன குளிர்!
இரண்டாவது முழுவதும் மாப்பிள்ளைக்கு.
மதிலில் எப்படி ஏறினா என்று
இதுவரைக்கும் தெரியாது, முழங்கையில் ரத்தம்.
குனிந்து, எவரையும் கேளாமல்,
அவன் நெஞ்சில் காதை வைத்தா.

சிரிக்கத்தான் வேண்டும்.
யூட்டுக்கு உதடு துடித்ததைக் கண்டேன்.
ஆனால் அந்தக் காது அங்கேயே கிடந்தது,
தேவைக்கு மேலே கொஞ்ச நேரம்,
வேறெப்போதோ ஒருக்கால்
வைத்துப் பழகிய காது மாதிரி.
பிறகு ஹெல்மெற்றின் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தா.
உள்ளே சாக்கு.
"அறுவாங்களே," என்றா,
"சொல்லிப்போட்டு எரிக்கக் கூடாதோ?
உடுப்பெல்லாம் புகை மணம்."
வாளி இரண்டையும் எடுத்துக்கொண்டு
இந்த முறை வாசலால் போனா.

பதிவேட்டை அன்றிரவு நான்தான் நிரப்பினேன்.
அழைப்பு: ஒன்று.
சென்ற தூரம்: பூச்சியம்.
மீட்கப்பட்டவர்: ஒருவர்.
நிலை என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
நனைந்தவர், என்று எழுதினேன்.

சனிக்கிழமை தராசில் வைத்தோம்.
எழுபத்தாறு.
காயவிடுவமோ என்று கேட்டேன்.
"கிடக்கட்டும்," என்றான் யூட்,
கால்மாட்டைப் பிடித்தபடி.
மதிலுக்கு அப்பாலிருந்து குரல்:
"இண்டைக்கும் எரிப்பியளோ, தம்பியவை?
கொடியில சீலை கிடக்கு."